கூட்டத்துக்கு நடுவில் ஓவியம் பார்ப்பது: தேவிபட்டினம் டீச்சருக்கு ஒரு பதில்

தேவிபட்டினத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: "32 வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்தேன். மோனா லிசாவையும் டாவின்சியின் இறுதி இராவுணவையும் காலண்டரிலும் புத்தகத்திலும்தான் பார்த்திருக்கிறேன். மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். நானும் வீட்டுக்காரரும் அடுத்த மே மாதம் போகிறோம். பாரிஸ், மிலான், ரோம் என்று 12 நாள். போய் வந்தவர்களைக் கேட்டால், 'தலைகளைத்தான் பார்த்தோம், படத்தைப் பார்க்கவில்லை' என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வேறு. இந்த வயதில் அந்த நெரிசலில் போய் நிற்க வேண்டுமா? எப்படிப் பார்ப்பது?"

டீச்சர், போங்கள். தயங்காமல் போங்கள்.

தலைகளைத்தான் பார்த்தோம் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போன நேரம் அப்படி. நம் ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தை அமாவாசை அன்று காலையில் ரயிலில் வந்து இறங்கி, அக்னி தீர்த்தத்தில் குளித்து, 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வரிசையில் தள்ளிக்கொண்டு போனவரிடம் மூன்றாம் பிரகாரம் எப்படி இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வார்? கூட்டம் என்றுதான் சொல்வார். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு நாளில், மதியம் நடை சாத்தித் திரும்பத் திறந்த கொஞ்ச நேரத்தில், அதே பிரகாரத்தின் ஒரு முனையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கத் தூண்களும் மேல்தளமும் தரையும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். தூரக்காட்சி வரையக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் நம் ஜில்லாவில் இல்லை, நீங்களே பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். அந்தப் புள்ளியை ஞாபகத்தில் வையுங்கள், மிலானில் தேவைப்படும்.

நான் ராமநாதபுரத்துக்காரன். 14 வருடம் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களோடு ஐரோப்பா போய் வந்தவன். மோனா லிசா இருக்கும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக வாசலில் மட்டும் எத்தனை மணி நேரம் நின்றிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பெரிய அருங்காட்சியகம் முழுக்கக் கூட்டம் இருக்காது. மூன்று நான்கு பொருள்களைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள்தான் கூட்டம். அந்தப் பத்து மீட்டருக்குள் எப்போது போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் மீதி இடம் எல்லாம் உங்களுக்குத்தான்.

லூவ்ரிலிருந்து தொடங்குகிறேன். 2024இல் அங்கே போனவர்கள் சுமார் 87 லட்சம் பேர். முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறந்தது. அந்த நுழைவாயிலை வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அதனால்தான் ஒரு நாளைக்கு 30,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025 ஜூனில் ஒரு நாள், இந்த நெரிசலில் வேலை பார்க்க முடியாது என்று ஊழியர்களே வேலையை நிறுத்தி, கதவு திறக்கவே தாமதமானது. இப்போது நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காமல் போவது வீண்வேலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. நம் காசுக்குக் கனமான தொகைதான். அதனால்தான் அதை வீணாக்காமல் பார்க்கும் வழியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதன், வெள்ளி இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மற்ற நாட்களில் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். நீங்கள் புதன் அல்லது வெள்ளி சாயங்காலம் 5 மணி வாக்கில் உள்ளே போகும்படி டிக்கெட் எடுங்கள். காலையில் பேருந்து பேருந்தாக வந்த குழுக்கள் அதற்குள் போயிருக்கும். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மோனா லிசா இருக்கும் பக்கம் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். எதிர்ப்பக்கம், ரிஷெலியூ பகுதியின் மேல்மாடிக்குப் போங்கள். லேஸ் பின்னும் ஒரு பெண்ணை வெர்மீர் வரைந்த படம் அங்கே இருக்கிறது. 24 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் மாதிரி. முன்னால் பிதுங்கி வழியும் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் கிட்டத்தில் பாருங்கள், நூலாகவே தெரியாது, சொட்டு விட்ட சாயமாகத்தான் தெரியும். இரண்டடி பின்னால் வாருங்கள், நூலாகிவிடும். நான் போன பல சாயங்காலங்களில் அந்தப் படத்துக்கு முன்னால் நாலு பேருக்கு மேல் இருந்ததில்லை.

மோனா லிசாவுக்கு 8 மணி வாக்கில் போங்கள். அறைகளை மூடுவதற்கு முன்பே ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள், அதனால் அதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். படம் 77 சென்டிமீட்டருக்கு 53, வீட்டில் மாட்டும் பெரிய காலண்டர் அளவு. கனத்த கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், சில மீட்டர் தள்ளி இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் டீச்சர், உதட்டோரத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது என்று அந்தத் தூரத்திலிருந்து உங்களால் பார்க்க முடியாது. நல்ல அச்சில் வந்த புத்தகத்தில் அதைவிடத் தெளிவாகப் பார்த்திருப்பீர்கள். போங்கள், வரிசையில் நில்லுங்கள், முறை வந்ததும் செல்போனை எடுக்காமல் கண்ணால் பாருங்கள், நகருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் அப்படியே திரும்பி நில்லுங்கள். எதிர்ச் சுவர் முழுவதும் வெரோனேசே வரைந்த கானாவூர்க் கல்யாணம். கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், 6.77 மீட்டர் உயரம். லூவ்ரிலேயே பெரிய ஓவியம் இதுதான். 1563இல் வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடத்துக்காக வரைந்தது, 1797இல் நெப்போலியனின் படை பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், நாய், பூனை, பாத்திரம், பட்டுத்துணி, பந்தியில் பரிமாறும் அவசரம் எல்லாம் உண்டு. அத்தனை பேரும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மோனா லிசாவைப் படம் பிடிப்பார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் மனது கஷ்டப்படும். வெளியே வந்தால் நீளமான காட்சிக்கூடத்தில் டாவின்சியின் வேறு படங்களே இருக்கின்றன. பாறைகளுக்கு நடுவே மரியாள் குழந்தைகளோடு இருக்கும் படம், புனித அன்னாளோடு இருக்கும் படம். அவற்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். மோனா லிசாவின் முகத்தில் தேட நினைத்த அந்தப் புகை போன்ற நிழல் பூச்சு புனித அன்னாளின் கன்னத்தில் இருக்கிறது. அங்கே தேடுங்கள்.

மோனா லிசாவுக்கு இவ்வளவு கூட்டம் சேர்ந்ததற்கு 1911இல் நடந்த திருட்டும் ஒரு காரணம். அங்கே வேலை பார்த்திருந்த பெருஜா என்ற இத்தாலியர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து ஃபிளாரன்ஸில் பிடிபட்டது. படம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்க்கவே சனங்கள் வரிசையில் வந்தார்கள்.

பாரிஸில் இன்னொரு இடமும் சொல்ல வேண்டும். கிமே என்று ஓர் ஆசியக் கலை அருங்காட்சியகம், அதற்கும் செவ்வாய் விடுமுறை. அங்கே 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனி நடராசர் இருக்கிறார். மாலை இல்லை, அலங்காரம் இல்லை, திரை இல்லை. நம் கோயில்களில் பட்டும் பூவும் மூடியிருக்கும் முழங்கால் மடிப்பையும், இடுப்பின் வளைவையும், பின்பக்கம் சடை விரிந்த அமைப்பையும் சுற்றி வந்து பார்க்கலாம். நான் போனபோதெல்லாம் அந்தக் கூடம் அமைதியாகவே இருந்தது.

சரி, மிலான். உங்கள் பயணத்திலேயே இதற்குத்தான் முதலில் கவலைப்பட வேண்டும். இறுதி இராவுணவு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்ற கோயிலை ஒட்டிய மடத்தில், துறவிகள் சாப்பிட்ட கூடத்தின் சுவரிலேயே இருக்கிறது. சுவரை எங்கும் கொண்டுபோக முடியாது, கூடத்தையும் பெரிதாக்க முடியாது. ஒரு தடவைக்கு முப்பத்தைந்து நாற்பது பேரைத்தான் விடுவார்கள். 15 நிமிடம். மணி அடித்தால் வெளியே போய்விட வேண்டும். திங்கள் விடுமுறை. டிக்கெட்டை மூன்று மூன்று மாதத்துக்கு மொத்தமாகத் திறப்பார்கள், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

அதனால் எல்லோரும் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் விமானம், பிறகு ஓட்டல், கடைசியில் டிக்கெட் என்று போகாதீர்கள். மிலான் டிக்கெட் எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளை நட்டு வைத்துவிட்டு, பாரிஸையும் ரோமையும் அதற்கு இரண்டு பக்கமும் அடுக்குங்கள். கல்யாணத்துக்கு முதலில் முகூர்த்த நாளைக் குறித்துவிட்டுத்தானே மண்டபம், சமையல்காரர் எல்லாம் பேசுகிறோம்.

டிக்கெட்டை அந்தக் கூடத்தின் சொந்த இணையதளத்தில்தான் எடுக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். ஒரு தடவை எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு அப்படி ஒரு தளத்தில் இரண்டரை மடங்கு விலை கொடுத்து எடுத்தோம். வாசலில் போய் நின்றால் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களில் ஓர் அம்மா பரமக்குடியிலிருந்து வந்தவர், வேத பாட வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டிக் கதை சொல்கிறவர். வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போகவில்லை, என் டிக்கெட்டை அவர் பெயருக்கு மாற்றக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு தரகர் தளம் பக்கம் நான் போனதே இல்லை. சொந்தத் தளத்தில் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் மனம் விடாமல் நாள் தவறாமல் பாருங்கள், கடைசி நேரத்தில் கொஞ்சம் டிக்கெட் திறப்பதுண்டு.

உள்ளே எப்படி விடுவார்கள் என்று சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் கதவு திறக்கும், எல்லோரும் ஒரு சின்ன அறைக்குள் போவோம், பின்னால் கதவு மூடும். கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அப்புறம் அடுத்த கதவு. நம் உடம்பிலும் துணியிலும் இருக்கும் தூசியும் வெளிக்காற்றின் ஈரமும் கூடத்துக்குள் நேராகப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

காரணம் உங்களுக்கு உடனே புரியும். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைத்தால், அது பூச்சோடு சேர்ந்து இறுகிவிடும். ஆனால் அன்றன்றைக்குப் பூசிய பகுதியை அன்றைக்கே முடித்தாக வேண்டும். டாவின்சி அப்படி வேலை செய்கிறவர் இல்லை. நிதானமாக, திரும்பத் திரும்பத் திருத்துகிறவர். 1495 வாக்கில் தொடங்கி 1498 வரை, காய்ந்த சுவர் மேல் பலகையில் வரைவது போல் வரைந்தார். சில பத்தாண்டுகளிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. 1652இல் துறவிகள் அதே சுவரில் ஒரு கதவை வெட்டினார்கள், இயேசுவின் பாதங்கள் அதோடு போயின. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடத்தின் கூரையும் பக்கச் சுவரும் சரிந்தபோது, மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்த இந்தச் சுவர் விழாமல் நின்றது. பிறகு 1978இல் தொடங்கி 1999 வரை, 20 வருடத்துக்கும் மேலாக, பினின் பிரம்பில்லா என்ற பெண்மணி உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்தார். இத்தனையையும் தாண்டி வந்த சுவர் அது. எனக்கு அந்த 15 நிமிடம் குறைச்சலாகத் தெரிவதே இல்லை.

அந்த நேரத்தைச் செலவிடும் முறை ஒன்று சொல்கிறேன். உள்ளே போனதும் எல்லோரும் படத்துக்கு அருகே விரைவார்கள். நீங்கள் கூடத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். படத்தில் இருக்கும் அறையின் சுவர்களும் மேல்தளத்துக் கட்டங்களும் நீங்கள் நிற்கும் கூடத்தின் தொடர்ச்சி போல இருக்கும். ராமேஸ்வரத்துத் தூண்களைப் பார்த்த மாதிரி கோடுகளைக் கண்ணாலே நீட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் இயேசுவின் வலது நெற்றிப் பொட்டில் போய்ச் சேரும். சுத்தம் செய்தபோது அந்த இடத்தில் ஓர் ஆணி அடித்த துளை கிடைத்தது. ஆணியில் நூலைக் கட்டி இழுத்துக் கோடு போட்டிருக்கிறார். நீங்களும் கரும்பலகையில் அப்படித்தானே போட்டிருப்பீர்கள்.

ஐந்து நிமிடம் கழித்து முன்னால் வாருங்கள். அதற்குள் முன்னால் இருந்தவர்கள் படம் பிடித்து முடித்திருப்பார்கள். மேசைக்கு முன்னே இருக்கும் கைகளை மட்டும் இடமிருந்து வலமாகப் பாருங்கள், முகங்களை விட்டுவிடுங்கள். கடைசி மூன்று நிமிடத்தில் எதிர்ச் சுவருக்குத் திரும்புங்கள். அங்கே மொந்தோர்ஃபானோ என்பவர் 1495இல் வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறது. ஈரப்பூச்சில் வரைந்தது, அதனால் வண்ணம் இன்னும் திடமாக நிற்கிறது. ஒரே கூடம், ஒரே காலம், இரண்டு வேறு வேறு முறைகள். ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் பார்க்காமல் வரக்கூடாத ஒப்பீடு இது. கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

எப்படியும் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் மிலானை விட்டுவிடாதீர்கள். அம்ப்ரோசியானா என்ற இடத்தில் ரஃபேல் தன் ஏதென்ஸ் பள்ளி ஓவியத்துக்காகக் கரியால் முழு அளவில் போட்ட கோட்டுப் படம் இருக்கிறது. ஒரு சுவர் அகலம். பென்சில் பிடித்த கைக்கு அது பெரிய விருந்து.

ரோமைப் பற்றி, அங்கே கூட்டத்திலிருந்து தப்ப முடியாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். வாடிகன் அருங்காட்சியகத்தில் எல்லா வழியும் சிஸ்டைன் சிற்றாலயத்தில்தான் முடியும். ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம். அந்த இலவச ஞாயிறு பக்கமே போகாதீர்கள், ஆடி அமாவாசை மாதிரி இருக்கும். பிற்பகல் பிந்திய நேரத்துக்கு டிக்கெட் எடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்குப் பிரச்சினை இல்லை, உங்கள் வீட்டுக்காரர் அரைக்கால்சட்டை போடாமல் இருந்தால் போதும். சிற்றாலயத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, சத்தம் கூடினால் காவலர்கள் அதட்டுவார்கள். இத்தனை பேரின் மூச்சும் தூசியும் சுவரில் படிகிறது என்று 2014இல் காற்றைச் சுத்தப்படுத்தும் ஏற்பாட்டையே புதிதாக மாற்றினார்கள்.

அங்கே நிற்க முயலாதீர்கள். பக்கச் சுவரை ஒட்டி உட்காரும் திண்டு இருக்கிறது, யாராவது எழுந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். மேல்தளம் 20 மீட்டர் உயரம். சின்ன பைனாகுலர் ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், பறவை பார்க்கிறவர்கள் வைத்திருப்பது போதும். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை இதை வரைந்தார். படுத்துக்கொண்டு வரைந்தார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது சரியில்லை டீச்சர், சாரத்தின் மேல் நின்றுகொண்டு, கழுத்தைப் பின்னால் மடக்கித்தான் வரைந்தார். முதலில் வரைந்த நோவாவின் வெள்ளக் காட்சியில் ஆட்கள் சின்னச் சின்னதாக நெருக்கியடித்து நிற்பார்கள், கீழிருந்து பார்த்தால் பிடிபடாது. போகப்போக ஆட்களின் எண்ணிக்கை குறைந்து, உருவங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். பைனாகுலரை வெள்ளத்தில் தொடங்கி, பீடத்துப் பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். நாலு வருடத்தில் ஓர் ஓவியர் கற்றுக்கொண்டதை அந்த ஒரே கோட்டில் பார்க்கலாம்.

வாடிகனிலேயே கூட்டம் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியக்கூடம். எல்லோரும் சிஸ்டைனை நோக்கி நடக்கும் அவசரத்தில் அதை விட்டுவிடுவார்கள். இயேசு உருமாறுவதை ரஃபேல் வரைந்த படம், இயேசுவை அடக்கம் செய்வதைக் கரவாஜ்ஜோ வரைந்த படம், டாவின்சி முடிக்காமல் விட்ட புனித ஜெரோம் எல்லாம் அங்கேதான். கரவாஜ்ஜோ பிடித்துப்போனால் ஊருக்குள் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி என்ற கோயிலுக்கும் போங்கள். கட்டணம் கிடையாது. மத்தேயுவை இயேசு அழைக்கும் படம் ஓர் ஓரத்துச் சிற்றாலயத்தில் இருட்டில் இருக்கும். காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அடுத்தவர் போடட்டும் என்று இருட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். சில்லறையைக் கைநிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்கு: லூவ்ரில் சக்கர நாற்காலி வாடகையில்லாமல் தருவார்கள், அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கண்ணும் வேலை செய்யாது, காலும் நிற்காது. எல்லா இடத்திலும் பெரிய பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், தோள்பை மட்டும் போதும்.

வரம்பு வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து இவ்வளவு தூரம் போகிறோம், ஏன் விரட்டுகிறார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். அவர்களிடம் நான் பிரான்சின் லாஸ்கோ குகையைச் சொல்வேன். 1940இல் கண்டுபிடித்தார்கள், 1948இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வந்தவர்களின் மூச்சிலும் விளக்கு வெளிச்சத்திலும் சுவரில் பாசி பிடித்தது. 15 வருடத்தில், 1963இல், மூடிவிட்டார்கள். 17,000 வருடம் இருந்த ஓவியத்தை நம் மூச்சு 15 வருடத்தில் கெடுக்கப் பார்த்தது. இப்போது அங்கே போகிறவர்கள் பார்ப்பது பக்கத்தில் செய்து வைத்த நகலைத்தான். நம் தஞ்சைப் பெரிய கோயிலிலும் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. 1931இல் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவை. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. எனக்கும் அவற்றை நேரில் பார்க்க ஆசைதான், ஆனாலும் விடாமல் இருப்பதே சரி.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? உத்தரகோசமங்கையில் மரகத நடராசரை வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்கிறோம். மேளச் சத்தத்தின் அதிர்வைக்கூட மரகதம் தாங்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரே நாள்தான் சந்தனம் களைவார்கள். அந்த ஒரு நாளுக்கு நம் சனங்கள் விடிய விடிய வரிசையில் நின்று, சன்னிதியில் சில விநாடி பச்சை நிறத்தைக் கண்டுவிட்டு, நிறைவோடு வீட்டுக்கு வருகிறார்கள். யாரும் நேரம் பற்றவில்லை என்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக, புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று. ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்கு ஒரு நாள் வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்த சுவரோவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சி, ராமாயணக் காட்சிகள் என்று சுவரும் வளைவும் நிறைந்திருக்கும். தேவிபட்டினத்திலிருந்து அரை மணி நேரப் பேருந்து. நெரிசல் கிடையாது, முன்பதிவு கிடையாது. ஒரே ஒரு காட்சியின் முன்னால் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் நில்லுங்கள். முதல் மூன்று நிமிடத்திலேயே பார்த்து முடித்துவிட்டதாகத் தோன்றும். நகராதீர்கள். எட்டாவது நிமிடம் வாக்கில் அந்த வெளிநாட்டாரின் தொப்பியை வரைந்தவர், அதை எப்படி வரைவது என்று தெரியாமல் தலைப்பாகை போடுகிற பழக்கத்திலேயே கோடு இழுத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு தடவை பட்டது. உங்களுக்கு வேறு ஏதாவது படும். இப்படி நாலு தடவை நின்று பழகிவிட்டால், மிலானில் மணி அடிக்கும்போது பதறமாட்டீர்கள்.

திறக்கும் நேரமும் விடுமுறையும் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் அன்று ஒவ்வொரு இடத்தின் சொந்தத் தளத்திலும் மகனை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். மிலான் டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறது என்று எழுதுங்கள் டீச்சர். மற்ற நாட்களை அதைச் சுற்றி நான் அடுக்கித் தருகிறேன்.